குப்பி பூக்கும் வரை

என் கணவரின் ரத்தம் மூன்று குப்பிகளில், ஒரு வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருந்தது. அதில் கிருமி முளைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எவளாவது தன் புருஷன் ரத்தத்தில் கிருமி வளர வேண்டும் என்று நேர்ந்துகொள்வாளா? அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடைபாதையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை. நோயாளிக்கு ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் குப்பியில் ஒன்றுமில்லை. சிவப்பு எரிந்தால் கிருமி வளர்ந்துவிட்டது. 'பூத்துடுச்சு' என்பார்கள் அங்கே. முதல் நாளே பரமத்தியிலிருந்து வந்த ஒருவரின் அம்மாவுக்குப் பூத்துவிட்டது. அவர் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன், வயிற்றெரிச்சலோடு. எங்கள் எண் முப்பத்தேழு. நான்காவது நாள் காலையிலும் பச்சை.

என் கணவர் பெயர் கவின். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர் இதயத்தின் வால்வு ஒன்றைக் கோணலாக்கிவிட்டுப் போயிருந்தது. அதோடு சௌக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் ஊக்கால் பல் குத்துகிற பழக்கம் உண்டு. இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். லாரியில் ஊக்கு தீர்ந்ததே இல்லை. ஈறு வீங்கியது, வடிந்தது, பிறகு காய்ச்சல் வந்தது. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் நடுக்கம். டாக்டர் எக்கோ படத்தில் வால்வின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னத் துணுக்கைக் காட்டினார். ஈறிலிருந்து ரத்தத்தில் இறங்கிய கிருமி அங்கே குடியேறி வால்வைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். துணுக்கு கழன்று மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

நான் குழந்தையாக இருந்தபோது இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஜலதோஷத்துக்குக்கூட மருந்துக் கடையில் நின்று, காய்ச்சல் என்று சொன்னால் ரெண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். ரெண்டு நாளில் சரியாகிவிட்டால் மிச்சத்தை எடுத்து வைப்போம், அடுத்தவருக்கு ஆகும் என்று. நாங்கள் அப்படி அரைகுறையாகத் தின்று தின்று, எல்லா மருந்தும் எல்லாக் கிருமிக்கும் பழகிப்போனது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒரு முள் குத்தினால்கூட ஆட்கள் செத்தார்கள். இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு மருந்து. காப்பு மருந்து என்று பெயர். கிருமியைக் குப்பியில் வளர்த்து, அதன் இனத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்றபடி தயாரித்துத்தான் தருவார்கள். குப்பி பூக்கவில்லையென்றால் மருந்து இல்லை.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு ஆய்வகத்து மெர்லின் என்னைத் தனியே கூப்பிட்டாள். முப்பது வயது இருக்கும். நடைபாதையில் எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சிரிக்க மட்டும் மாட்டாள்.

"அக்கா, முப்பத்தேழாம் குப்பி சும்மா இல்லீங்க. கிருமி இருக்குது. ஏதோ ஒண்ணு அதை எந்திரிக்க விடாம அமுக்குது. வெளி மருந்து உள்ள போயிருக்குது."

அதெல்லாம் எதுவும் தரவில்லை என்று சொன்னேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை.

அவள் சட்டத்தை மெதுவாகச் சொன்னாள். குப்பியை ஐந்து நாள்தான் வைத்துப் பார்ப்பார்கள், நாளை சாயங்காலம் ஐந்தாம் நாள் முடிகிறது. அதற்குள் யாராவது நான்தான் கொடுத்தேன் என்று முன்வந்தால், உள்ளே இருக்கும் மருந்து வடியும்வரை மூன்று நாள் பொறுத்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். யாரும் வரவில்லையென்றால் நோயாளியே திருட்டுத்தனமாகத் தின்றதாக எழுதிவிடுவார்கள். அவருடைய மருந்துரிமை அதோடு போச்சு. தெரியாமல் சாப்பிட்டவருக்குத் தண்டனை இல்லை, தெரிந்து கொடுத்தவருக்கு உண்டு. பதினாறு வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

"குடுத்தவங்களுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அவங்களோட மருந்துரிமை போயிரும். ஆயுசுக்கும். நாளைக்கு ஒரு கொப்புளம் சீழ் வெச்சாக்கூட எங்ககிட்ட வர முடியாது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கொடூரமாத்தானுங்க இருக்குது. ஆனா ஒவ்வொரு வெளி மாத்திரையும் கிருமிக்கு ஒரு பாடம். அது கத்துக்கிட்டு மத்ததுக்கும் சொல்லிக்குடுக்குது. இந்த மருந்தும் போச்சுன்னா அப்பறம் இந்தப் பெட்டி, பலகை எதுவுமே வேண்டியதில்ல."

நடைபாதைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் பெயர் ரித்திகாஸ்ரீ. எங்கள் காலத்தில் வகுப்புக்குப் பத்து ஸ்ரீ இருப்போம். கல்லூரியில் 'ஒப்படைப்பு வாரம்' என்று ஒன்று நடத்தினார்கள். வீடு வீடாகப் போய் மிச்சம் மீதி மாத்திரைகளை வாங்கிச் சாக்கில் கட்டி அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். எங்கள் தெருக் குழுவுக்கு நான்தான் தலைவி. அழாத குறையாகப் பேசி எத்தனை பேர் டப்பாவைக் காலி செய்ய வைத்தேன். ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி கெஞ்சினாள், ஒரே ஒரு அட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லி. விடவில்லை நான். பிடுங்கினேன். அந்த அட்டையைத்தான் சாக்கில் போடாமல் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பத்து கேப்சூல். இருபத்திரண்டு வருடமாக என்னிடம், கல்யாணத்துக்குப் பிறகு பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், நாப்தலின் உருண்டையோடு இருந்தது. யாருக்கும் தெரியாது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அது இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் பாதித் தைரியம். கவினுக்கு இரண்டாம் வாரமும் காய்ச்சல் விடாதபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால், சத்து மாத்திரை என்று சொல்லி மூன்று கொடுத்தேன். உயிர்காக்கும் மருந்தைக் கொடுத்துத்தான் அவர் உயிருக்கு உலை வைத்திருக்கிறேன் என்று இப்போது புரிந்தது.

வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கவின் தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மகள் பாவாயி. ஸ்ரீயெல்லாம் ஓய்ந்து பழைய பெயர்கள் திரும்பிய காலத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு, பதினேழு வயது. அப்பாவின் விரல் நுனியில் வந்திருந்த சிவப்புப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். பயம் போகவில்லை. இருந்தாலும் நடந்தேன்.

மெர்லினிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மிச்சம் ஏழையும் கொண்டுவந்து கொடுத்தேன். நாலு மணிக்குக் கூப்பிட்டாள். மேஜையில் ஒரு கேப்சூல் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே மாவு பழுப்பாகக் கட்டிதட்டிப் போயிருந்தது.

"இது செத்த மருந்துங்கக்கா. சுண்ணாம்பு தின்ன மாதிரிதான். இது எந்தக் கிருமியையும் அமுக்காது."

ஒரு நொடி எனக்குள் என்னென்னவோ அவிழ்ந்தது. அப்படியானால் என்னால் இல்லை. அப்படியானால் நான் தப்பித்தேன்.

"அவர் ரத்தத்துல இருக்கறது வேற. மனுஷங்களுக்குக் குடுக்கறதே இல்ல. கோழிக்குத் தண்ணியில கலக்கற பவுடரு. பண்ணைகள்ல மூட்டையை ஒப்படைக்காம ஒளிச்சு வெச்சிருக்காங்க இன்னும். அதை யாரு குடுத்தாங்க?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மோர் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும்வரை பத்து நாளாக அப்பாவுக்கு மோர் நான்தான் கொடுப்பேன் என்று பாவாயி அடம் பிடித்தாள். படிக்கிற பெண்ணுக்கு அப்பா மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை. மோர் கசக்கிறது என்று கவின் முகம் சுளித்தார். வெந்தயத்தை அள்ளிப் போடாதே என்று அவளைத்தான் திட்டினேன். ஒரு நாள் அவர் பனியனில் மோர் கொட்டி மஞ்சளாகக் கறை பிடித்தது. சோப்புப் போட்டேன். மஞ்சள்பொடிக் கறையென்றால் சோப்புப் பட்டதும் சிவந்துவிடும், இது எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். அது சிவக்கவில்லை. மஞ்சளாகவே இருந்தது. என்னடா இது என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அலசிக் கொடியில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சேர்ந்து படிக்கப் போகும் தோழியின் வீடு ஒரு கோழிப்பண்ணைக்குள் இருக்கிறது.

நான் பீரோவில் ஒளித்ததை அவள் பண்ணையில் தேடியிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே ஆளைக் காப்பாற்ற, ஒருத்திக்கொருத்தி தெரியாமல் விஷம் கலந்திருக்கிறோம்.

"நான்தாங்க குடுத்தேன், அதுவும்" என்றேன்.

மெர்லின் என்னையே பார்த்தாள். "காலையில கேப்சூல் மட்டும்தான் சொன்னீங்க."

"பயத்துல விட்டுட்டேன்."

"எதுல கலந்தீங்க?"

"மோர்ல."

"பவுடரு என்ன நிறமுங்க?"

பார்த்ததே இல்லை. பனியன் மட்டும் கண்ணில் ஆடியது. "மஞ்சள்" என்றேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வார்டு தெரிந்தது. பாவாயி அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மெர்லின் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னை. அவளுக்கு விளங்கிவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. கேப்சூல் மட்டும்னா, செத்த மருந்து, முதல் தடவைன்னு மேல முறையீடு பண்ணலாம். திரும்பக் கிடைச்சாலும் கிடைக்கும். ரெண்டும்னா கிடையவே கிடையாது."

"ரெண்டும் நான்தானுங்க."

எழுதிக்கொண்டாள். அடையாள அட்டையை வாங்கி, மேல் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். கையை நீட்டி வாங்கும்போது என் விரலில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன்.

அதற்குப் பின் வந்த மூன்று நாளை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மருந்து வடிய வேண்டும். வடிய வடியக் கிருமிக்குக் கொண்டாட்டம். காய்ச்சல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் கவின் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. சொல் வரவில்லை. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், அதுவும் வரவில்லை. துணுக்கு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்து ஓடிவந்தார். அரை மணி நேரம் கவினின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாவாயி கட்டிலின் கால்மாட்டில் நின்று நகத்தைக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். பிறகு அவருக்குப் பேச்சு வந்தது. "ஏம்புள்ள, ஏன் அழுவற" என்றார். மணல் அளவு ஏதோ ஒன்று போய் அடைத்துவிட்டு விலகியிருக்கிறது என்றார்கள். அடுத்தது மணல் அளவாக இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று நாள் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, முப்பத்தேழுக்கு நேரே சிவப்பு எரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள்தான் சொன்னார்கள், பூத்துடுச்சு பூத்துடுச்சு என்று. நான் சோற்றுக் கையோடு அழுதேன். பாவாயி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறியது. காய்ச்சல் ஐந்தாம் நாளே விட்டது. வால்வு முன்னிலும் கோணலாகிவிட்டது, லாரி ஓட்ட முடியாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆள் இருக்கிறார். காலையில் செய்தித்தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எனக்குத் தராமல் படிக்கிறார். ஊக்கு மட்டும் கண்ணில் காட்டுவதில்லை.

என் கறுப்புப் பட்டைக்குக் காரணம் இருபத்திரண்டு வருடப் பழைய கேப்சூல் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். கவின் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு வீட்டு வாசலில் கிடந்த ஆணி, கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கினார். பாவாயி அரிவாள்மனையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, மீன் ஆய்வது எல்லாம் இனி நான் என்றாள். நான் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டேன். சேஃப்டி பின் இல்லாமல் புடவை கட்டப் பழகினேன். ரோஜாச் செடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் தக்காளிக் கூடையின் சிராய் உள்ளங்கையில் ஏறியது. கண்ணுக்கே தெரியாத சிராய். நான்கு நாள் அந்த இடம் சிவக்கிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். சிவக்கவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

பயமாக இருந்தாலும் ஒரு திருப்தி இருந்தது. என் மகளின் அட்டை சுத்தமாக இருக்கிறது. அவள் ஓடலாம், விழலாம், முட்டியைப் பேர்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பிள்ளை பெறலாம். அவளிடம் மோரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்துகொண்டேன் என்று காட்டினால் அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை, கேப்சூலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்த வாரம், பெரியவர்களுக்கான அட்டை வாங்கத் தனியாகப் போய்விட்டு வந்தாள். மறுநாள் காலை சமையலறைக்கு வந்தபோது காலில் செருப்பு இருந்தது. அம்மா போட்டிருக்கிறாளே என்று போட்டிருப்பாள் என்று விட்டேன். கத்திரிக்காயைக் கழுவி அவள் முன்னால் வைத்தேன். அவள் அரிவாள்மனையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த கேப்சூல் எந்த வருஷத்துது, அம்மா?" என்று கேட்டாள்.

நான் குழாயை மூடினேன்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்பறம் அது வேலை செய்யாது. எங்க புத்தகத்துலயே இருக்குது. அப்பா வார்டுல இருக்கறப்பவே எனக்குத் தெரியும். நீ எனக்காகத்தான் சொன்னேன்னும் தெரியும்." அட்டையை எடுத்து மேடைமேல், கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். "மோர்ல கலந்தது நான்தான்னு நேத்து எழுதிக் குடுத்துட்டேன். நான் சொன்னா உன்னோடது திரும்ப வந்துரும்னு நெனச்சேம்மா."

புத்தம் புது அட்டை. போட்டோவில் தலை வாரி, பொட்டு வைத்து, கொஞ்சம் சிரித்திருந்தாள். மேல் ஓரத்தில் கறுப்புப் பட்டை.

"வந்துருச்சா?" என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும்.

"இல்ல. கேப்சூல் குடுத்தது குடுத்ததுதானாம். அதோட பொய் சொன்னதும் சேர்ந்துக்குமாம்."

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. கை பாதி வரை போய்விட்டது. என் மோதிரம் அவள் கன்னத்தில் கீறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நின்றுவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ளக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். அவள் காது ஓரத்தில், "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா கண்ணு" என்றேன். "நீ கேட்டியா?" என்றாள்.

சத்தம் கேட்டுக் கவின் வந்தார். மேடைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார். எங்கள் இருவரின் கால் செருப்பையும் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்து, அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கை அறுத்துக்கொள்ள உரிமை உள்ளவர் இப்போது அவர் ஒருவர்தான். கத்திரிக்காய் கோணல்மாணலாக விழுந்தது. நானும் பாவாயியும் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.